கேங்ஸ்டர் மினியேச்சர்கள்: பல நிறுவனங்களின் ஃபிகர்களை ஒரே மேசையில் சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நாடு தழுவிய மதுவிலக்கு 1920 ஜனவரி 17 அன்று அமலுக்கு வந்து 1933 டிசம்பர் 5 அன்று முடிந்தது. அந்தப் பதினான்கு ஆண்டுச் சிகாகோவையும், அதை ஒட்டி வந்த வங்கிக் கொள்ளையர் காலத்தையும் சிறு மனித உருவங்களை (ஃபிகர்களை) வைத்து மேசையில் விளையாட விரும்புகிறவர்களுக்கான பக்கம் இது. ஒரே நிறுவனத்தின் ஃபிகர்களை மட்டும் வாங்கினால் நான்கைந்து முகங்களே திரும்பத் திரும்ப வரும். அதனால் சீக்கிரமே எல்லோரும் கலக்கத் தொடங்குகிறார்கள், சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. கீழே சொல்வதெல்லாம் 28 மி.மீ. அளவுக்கு.

எல்லா நிறுவனமும் 28 மி.மீ. என்றுதான் போடுகிறது. பிறகு ஏன் பக்கத்தில் வைத்தால் பொருந்தவில்லை?

28 மி.மீ. என்பதை எங்கிருந்து எங்குவரை அளப்பது என்பதில் ஒருமித்த வழக்கம் இல்லை. சிலர் பாதத்திலிருந்து கண்வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலைவரை. 1:56 (நிஜத்தில் 56 மி.மீ. என்றால் ஃபிகரில் 1 மி.மீ.) என்று வைத்துக் கணக்குப் போட்டால் 175 செ.மீ. உயரமுள்ள ஆள் 31 மி.மீ. வருவார், கண் மட்டம் 29 மி.மீ. அருகில் இருக்கும். அதே ஆளை உச்சந்தலையோடு 28 மி.மீ.க்குள் அடக்கினால் அவர் 1:62 ஆகிவிடுகிறார்.

ஆனால் உயரம் பெரிய பிரச்சினை இல்லை. நிஜத்திலும் ஒருவர் குட்டை, ஒருவர் நெட்டை. கண்ணை உறுத்துவது தலை, கை, துப்பாக்கி மூன்றின் பருமன்தான். தூரத்திலிருந்து பார்த்தாலும் முகம் தெரியட்டும், அச்சில் வார்க்கும்போது விரல் உடையாமல் இருக்கட்டும் என்று சிற்பிகள் இவற்றைப் பெரிதாக்குவார்கள். எவ்வளவு பெரிதாக்குவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கேங்ஸ்டர் ஃபிகர்களில் தொப்பியும் சேர்ந்துகொள்கிறது. ஒரு செட்டில் ஃபெடோராவின் விளிம்பு தோள் அகலத்தில் பாதி, இன்னொரு செட்டில் முக்கால் பங்கு என்றால், உயரம் மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்துப்போனாலும் இரண்டும் ஒரே தெருவில் நிற்பவர்களாகத் தெரியாது.

வாங்கும் முன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

ஒரு வெர்னியர் காலிபர் போதும், பிளாஸ்டிக்கில் கிடைக்கும் மலிவானதே போதும். கையில் இருக்கும் ஃபிகரில் நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாதத்தின் அடியிலிருந்து கண்வரை, தாடையிலிருந்து தொப்பி விளிம்பின் அடிப்பக்கம்வரை, மூடிய முஷ்டியின் அகலம், டாமி கன்னின் (தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின்) முழு நீளம். பேஸின் (ஃபிகர் நிற்கும் அடித்தட்டின்) தடிமனைச் சேர்க்கக் கூடாது. நேராக நிற்கும் ஃபிகரையே எடுங்கள். ஓடுகிற, குனிகிற ஃபிகரில் அளந்தால் எந்த எண்ணும் பயன்படாது.

நாங்கள் வைத்திருக்கும் வரம்பு இது. கண் மட்டத்தில் 2 மி.மீ. வரை வித்தியாசம் ஓடும். முகத்தில் அரை மி.மீ., முஷ்டியிலும் அரை மி.மீ. வரை தாங்கும். துப்பாக்கியில் 2 மி.மீ. நிஜ தாம்சன் ஏறக்குறைய 85 செ.மீ. நீளம், 1:56இல் 15 மி.மீ. வார்ப்பில் 17 வரை இருந்தால் கண் ஏற்றுக்கொள்ளும். 20 மி.மீ. நீளத் துப்பாக்கியோடு நிற்பவனுக்குப் பக்கத்தில் 15 மி.மீ. துப்பாக்கிக்காரனை வைத்தால் பின்னவன் பொம்மைத் துப்பாக்கி பிடித்த பையன் மாதிரி ஆகிவிடுவான்.

ஃபிகர் கையில் இல்லாதபோது விற்பனைப் பக்கப் படத்தை நம்பி உயரம் கணிக்காதீர்கள். படத்தில் தலைக்கும் முஷ்டிக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள், அது எந்தப் படத்திலும் மாறாது. புதிய நிறுவனத்திடம் முதல்முறை ஒரே ஒரு பாக்கெட் வாங்கி, அளந்து, பிறகு மற்றதை வாங்குவதே சரி.

எந்த நிறுவனங்களின் ஃபிகர்கள் நன்றாகச் சேரும்?

நிறுவனப் பெயரைவிடச் சிற்பியின் பெயரைப் பார்ப்பது பலன் தரும். ஒருவருடைய கை எந்த நிறுவனத்துக்குச் செதுக்கினாலும் பெரிதாக மாறாது. மார்க் காப்பிள்ஸ்டோன் தன் சொந்த நிறுவனமான காப்பிள்ஸ்டோன் காஸ்டிங்ஸுக்குச் செய்த கேங்ஸ்டர் வரிசைதான் பலருக்கும் அடித்தளம். திடமான உடல், தெளிவான கோட்டு மடிப்பு, சற்றே தடித்த கைகள். கனடாவில் பாப் மர்ச் செதுக்கும் பல்ப் ஃபிகர்ஸ் இதற்கு நல்ல ஜோடி. முகபாவம் அவருடைய பலம். அவரிடம் ரவுடிகள் மட்டுமின்றித் துப்பறிவாளர், நிருபர் போன்ற பக்கத்துப் பாத்திரங்களும் கிடைக்கும். மைக் ஓவன் செதுக்கிய ஆர்ட்டிசான் டிசைன்ஸ் ஃபிகர்களையும் இந்த இரண்டோடு தயங்காமல் வைக்கலாம்.

ப்ளூ மூன் ஃபிகர்கள் சற்று உயரமான வகை. அவற்றை அதே கும்பலில் தூவுவதைவிட எதிர்க் கும்பலாகவோ போலீஸ் அணியாகவோ மொத்தமாக வைப்பது மேல். ஒரு பக்கம் முழுக்க ஒரு பாணி, மறுபக்கம் முழுக்க இன்னொரு பாணி என்றால் வித்தியாசம் குறையாகத் தெரியாது, யார் எந்தக் கும்பல் என்று மேசையில் சட்டெனப் பிரித்தறியவும் உதவும்.

கொஞ்சம் பெரியது, கொஞ்சம் சிறியது என்று கையில் நாலைந்து உதிரி ஃபிகர்கள் இருக்கின்றன. என்ன செய்வது?

அவர்களுக்கு வேலை கொடுங்கள். 2 மி.மீ. கூடுதல் உயரமுள்ளவன் ரகசிய மதுக்கூடத்தின் வாசல் காவலாளி, முதலாளியின் மெய்க்காப்பாளன், போலீஸ் சார்ஜென்ட். மெலிந்து குட்டையாக இருப்பவன் செய்தித்தாள் விற்கும் பையன், ஓட்டல் எடுபிடி, கணக்குப்பிள்ளை. ஒவ்வொருவனும் தனியாக நிற்கிற ஆள் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். முழங்காலிட்டிருப்பவன், காருக்குப் பின்னால் பதுங்கியிருப்பவன், கணுக்கால்வரை ஓவர்கோட் போட்டவன் ஆகிய மூவரையும் எங்கே வேண்டுமானாலும் சேர்க்கலாம். கால் நீளம் மறைந்துவிட்டால் உயரத்தைக் கணிக்கவே முடியாது.

பேஸ் வைத்து உயரத்தைச் சமன் செய்ய முடியுமா?

1.5 மி.மீ. வரை முடியும். 28 மி.மீ. கேங்ஸ்டர் ஃபிகர்கள் பெரும்பாலும் வெள்ளை உலோக வார்ப்புகள், காலடியில் சிறு உலோகத் தகடு ஒட்டியே வரும். அதன் தடிமன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், உடம்பில் வித்தியாசமே இல்லாத இரண்டு ஃபிகர்கள்கூட உயரத்தில் விலகித் தெரியலாம். முதலில் இதைச் சரிசெய்யுங்கள். தடித்த தகட்டைத் தட்டை அரத்தில் தேய்த்து ஒரு மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். அதற்குமேல் தேய்த்தால் பாதம் தனியே கழன்றுவரும்.

பிறகு எல்லா ஃபிகரையும் ஒரே வகைப் பேஸில் ஏற்றுங்கள்: 25 மி.மீ. வட்டம், 2 அல்லது 3 மி.மீ. தடிமன், எது எடுத்தாலும் எல்லோருக்கும் அதுவே. குட்டை ஃபிகருக்கு அடியில் 1 மி.மீ. பிளாஸ்டிக் அட்டைத் துண்டு ஒன்றைச் சூப்பர் க்ளூவால் ஒட்டி, சுற்றிலும் மில்லிபுட் (காய்ந்தால் இறுகும் பசைமாவு) பூசி, காய்வதற்குள் அதன்மேல் நடைபாதைக் கற்களின் கோட்டைக் கீறிவிடுங்கள். 8 மி.மீ. சதுரங்களாகக் கீறினால் போதும். கோடு எல்லா பேஸிலும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கல்லின் அளவே ஆளின் அளவைக் காட்டிக்கொடுக்கும். ஒருவனை மட்டும் பெரிய கல்மேல் ஏற்றி நிறுத்தாதீர்கள். நடைபாதையில் அது இயல்பாக இராது.

வழக்கமாகக் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. மில்லிபுட் ஈரமாக இருக்கும்போதே பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அடிப்பார்கள், ஒரு வாரத்தில் விளிம்பில் வெடிப்பு விடும். ஓர் இரவு முழுக்கக் காய விடுங்கள்.

துப்பாக்கி மட்டும் பெரிதாக இருக்கிறது. மாற்றலாமா?

மாற்றலாம். கலவையை ஒன்றுபோல் காட்ட இதைவிடச் சிறந்த வேலை கிடையாது. முகமும் கோட்டும் வேறாக இருந்தாலும் எல்லோர் கையிலும் ஒரே அச்சில் வந்த துப்பாக்கி இருந்தால் மொத்தக் கும்பலும் ஒரே வரிசையில் வாங்கியதாகத் தெரியும். ஒரு நிறுவனத்தின் உதிரித் துப்பாக்கிப் பாக்கெட்டையோ இரண்டாம் உலகப் போர் பிளாஸ்டிக் செட்டில் மிஞ்சும் டாமி கன்களையோ இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

பழைய துப்பாக்கியைக் கையோடு வெட்டாதீர்கள். குழாயை இடது முஷ்டிக்கு முன்னால் ஒரு வெட்டு, பின்கட்டையை வலது முஷ்டிக்குப் பின்னால் ஒரு வெட்டு, நடுப்பகுதியை ஊசி அரத்தால் தேய்த்து எடுங்கள். மணிக்கட்டில் பக்கவாட்டு அழுத்தம் விழுந்தால் வெள்ளை உலோகம் உடைந்துவிடும், அதனால் வெட்டும்போது ஃபிகரின் கையை விரலால் தாங்கிப் பிடியுங்கள். பிறகு 0.6 மி.மீ. துரப்பண ஊசியால் முஷ்டியில் 2 மி.மீ. ஆழத்துக்குத் துளை. அதே பருமனுள்ள பித்தளைக் கம்பியை அதில் செருகி, புதிய துப்பாக்கியின் அடியிலும் துளையிட்டுச் சேருங்கள். வெறும் க்ளூவில் நிற்கும் துப்பாக்கி இரண்டாவது ஆட்டத்தில் விழுந்துவிடும். விரல்களுக்கிடையே தெரியும் இடைவெளியைக் கிரீன் ஸ்டஃப் என்ற பச்சைநிறப் பசைமாவு உருண்டையால் மூடி, ஈரமான ஊசியால் மூன்று கோடு போட்டால் விரல் வந்துவிடும்.

பழைய வார்ப்புகளில் ஈயம் இருக்கலாம். அரத்தூளை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

எந்த ஆண்டுக்கு எந்த ஆயுதம், எந்த உடை?

பல நிறுவனங்களின் ஃபிகர்களைச் சேர்க்கும்போது அளவைவிட அதிகமாகத் தவறுகிற இடம் இது. கேங்ஸ்டர் என்றால் உடனே டாமி கன் என்று வாங்கிவிடுகிறோம். ஆனால் சிகாகோ கும்பல் சண்டைகளில் அந்தத் துப்பாக்கி முழங்கத் தொடங்கியது 1925 செப்டம்பரில். 1924 நவம்பர் 10 அன்று கும்பல் தலைவன் டீன் ஓ'பேனியனைப் பூக்கடைக்குள் கொன்றவர்கள் கைத்துப்பாக்கிகளோடு வந்தவர்கள். ஆக 1920 முதல் 1924 வரையிலான ஆட்டத்துக்கு ரிவால்வரும் ஷாட்கன்னும் பிடித்த ஃபிகர்கள்தான் வேண்டும். அவற்றைப் பொதுவான 'நகரவாசிகள்' பாக்கெட்டுகளிலும் எடுக்கலாம்.

1925க்குப் பிறகும் எல்லா டாமி கன்னிலும் வட்ட டிரம் (வட்டமான தோட்டாப் பெட்டி) மாட்ட வேண்டியதில்லை. 1929 பிப்ரவரி 14 அன்று நார்த் கிளார்க் தெரு 2122இல் இருந்த கராஜில் ஏழு பேரைக் கொன்றவர்கள் இரண்டு தாம்சன்களைப் பயன்படுத்தினார்கள். கிடைத்த தோட்டா உறைகள் 70. ஒன்றில் 50 தோட்டா டிரம், மற்றதில் 20 தோட்டா நீள மேகசின் என்ற கணக்குக்கு அது பொருந்துகிறது. மூன்று டாமி கன்காரர்களில் ஒருவனுக்காவது நீள மேகசின் கொடுங்கள். டிரம் கையிலும் மார்பிலும் இடித்துக்கொண்டு நிற்கும் மோசமான வார்ப்புகளுக்கு இது நல்ல பரிகாரமும்கூட.

முன்பிடியைக் கவனியுங்கள். 1921 மாடல் தாம்சனுக்கு முன்னால் செங்குத்தான கைப்பிடி இருக்கும், இயக்கக் குமிழ் மேல்பக்கம் இருக்கும். முன்பிடி கிடைமட்டமாகவும் குமிழ் பக்கவாட்டிலும் இருந்தால் அது போர்க்கால எம்1 மாடல், டிரம்மே மாட்டாதது. அது எந்த கேங்ஸ்டர் கையிலும் இருக்கக் கூடாது. இராணுவ உதிரிகளிலிருந்து எடுக்கும்போது இதை மட்டும் பார்த்துவிட்டால் போதும்.

1933, 1934 ஆண்டுகளின் கொள்ளையர்களுக்கு விதி வேறு. கிளைட் பாரோ கும்பல் தேசியக் காவல்படை ஆயுதக் கிடங்குகளில் திருடிய பிஏஆர் (பிரவுனிங் தானியங்கி ரைஃபிள்) துப்பாக்கிகளை வைத்திருந்தது. டில்லிங்கர் கும்பல் 1933இல் இண்டியானா போலீஸ் நிலையங்களுக்குள் புகுந்து தாம்சன்களையும் குண்டு துளைக்காத அங்கிகளையும் அள்ளிச் சென்றது. எனவே அங்கி போட்ட ஃபிகர்களை இந்தக் காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் ஃபிகர் வாங்கும்போது தொப்பிப் பட்டையைப் பாருங்கள். சதுரங்கக் கட்டம் போட்ட பட்டை சிகாகோ போலீஸுக்கு வந்தது 1967இல்தான். கூட்டாட்சிப் புலனாய்வு ஆட்களிடமும் ஒரு கவனம் தேவை. அந்தப் பணியகத்தின் முகவர்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கவும் கைது செய்யவும் சட்டப்படி அதிகாரம் வந்தது 1934இல், எஃப்பிஐ என்ற பெயர் வந்தது 1935இல். 1920களின் மேசையில் கூட்டாட்சி ஆள் வேண்டுமென்றால் அது மதுவிலக்குப் பணியகத்தின் ஏஜென்ட்.

வேறு காலம், வேறு நாட்டு ஃபிகர்களைச் சேர்க்கலாமா?

அயர்லாந்தின் 1919 முதல் 1923 வரையிலான போர்களுக்கான ஃபிகர்கள் அருமையாகப் பொருந்தும்: தட்டைத் தொப்பி, டிரெஞ்ச் கோட், கைத்துப்பாக்கி. ஐஆர்ஏ (ஐரிஷ் குடியரசுப் படை) 1921லேயே தாம்சன் வாங்கியதால் அதே துப்பாக்கி சிலர் கையில் இருக்கும். இரண்டாம் உலகப் போரின் பிரெஞ்சு எதிர்ப்பாளர் ஃபிகர்களும் உதவும், ஆனால் ஸ்டென் துப்பாக்கியையும் பெரே தொப்பியையும் மாற்றியாக வேண்டும். திகில் கதை விளையாட்டுகளுக்கு விற்கும் 1920களின் 'புலனாய்வாளர்' ஃபிகர்களை நிருபராகவும் வழக்கறிஞராகவும் வைக்கலாம். மிக நீளமான ஜூட் சூட் போட்டவர்களை விட்டுவிடுங்கள், அது 1940களின் உடை.

ஒரு ஆட்டத்துக்கு எத்தனை ஃபிகர் வேண்டும்?

ஒரு கும்பலுக்கு 7 முதல் 10. அதில் தலைவன் ஒருவன், டாமி கன் இரண்டு, ஷாட்கன் ஒன்று அல்லது இரண்டு, மற்றவர்களுக்குக் கைத்துப்பாக்கி. போலீஸ் 6. பொதுமக்கள் 6 முதல் 8, இவர்கள் இல்லாவிட்டால் தெரு செத்துக் கிடக்கும். 1929 கராஜ் கொலையில் வந்த நால்வரில் இருவர் போலீஸ் சீருடையில் வந்ததாகச் சாட்சிகள் சொன்னார்கள். அதனால் போலீஸ் ஃபிகர் வாங்கும்போது இரண்டு கூடுதலாக வாங்கி, கும்பலோடு ஒரே பாணியில் பேஸ் செய்து வையுங்கள், இரண்டு பக்கமும் பயன்படும்.

3டி பிரிண்ட் ரெசின் ஃபிகர்களை உலோகத்தோடு கலக்கலாமா?

அளவைச் சுருக்கிக் கலக்கலாம். இன்றைய கோப்புகள் பலவும் 32 மி.மீ.க்கு வடிவமைக்கப்பட்டவை. 28க்குக் கொண்டுவர 87.5 விழுக்காடு. ஆனால் அப்போது எல்லாமே மெலியும்: 0.6 மி.மீ. துப்பாக்கிக் குழாய் 0.53 ஆகிவிடும், அச்சிடும்போது தாங்கி நிற்கும் சப்போர்ட்டைப் பிடுங்கும்போதே உடையும். மெல்லிய உடல்வாகுள்ள இந்த ஃபிகர்கள் தடித்த உலோக ஃபிகர்களுக்குப் பக்கத்தில் நோஞ்சானாகத் தெரிவதும் உண்டு. 90 விழுக்காட்டில் அச்சிட்டு, கையில் உலோகத் துப்பாக்கியை மாட்டினால் இரண்டும் சரியாகும். பேஸ் அடியில் ஓர் இரும்பு வாஷர் ஒட்டுங்கள், உலோக ஃபிகரின் கனம் கொஞ்சமாவது வரும், மேசை அசைந்தால் சாயாது.

கார் எந்த அளவில் வாங்குவது?

ஃபோர்டு மாடல் ஏ காரின் நீளம் சுமார் 4.19 மீட்டர். 1:56இல் 75 மி.மீ., 1:48இல் 87, 1:43இல் 97. கணக்குப்படி 1:56 சரி. ஆனால் நம் ஃபிகர் 3 மி.மீ. பேஸில் ஏறி நிற்கிறது, உடம்பும் பருமன், அதனால் கண்ணுக்கு 1:48 அல்லது 1:50 கார்தான் இயல்பாகப் படும். 1:43 கார் கடைகளில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் 1:56ஐவிட 30 விழுக்காடு பெரியது. லாரிக்கு வேண்டுமானால் ஏற்கலாம், சிறிய காருக்கு வேண்டாம். பெட்டியின் மேல் அச்சிட்ட அளவை நம்பாதீர்கள். மேட்ச்பாக்ஸ் மாடல்ஸ் ஆஃப் யெஸ்டர்இயர், லெட்டோ டேஸ் கான் போன்ற பழைய வரிசைகளில் வண்டிக்கு வண்டி அளவு மாறும்.

சோதிக்க எளிய வழி கால்படி. காரின் பக்கவாட்டுக் கால்படி, பேஸ் இல்லாத ஃபிகரின் முழங்காலுக்குக் கீழே வர வேண்டும். முழங்காலைத் தாண்டினால் அந்தக் கார் பெரியது.

வேறு வேறு நிறுவன ஃபிகர்களை வண்ணத்தால் ஒன்றாக்குவது எப்படி?

ஒரே பிரைமர், ஒரே தோல் நிறம், ஒரே வாஷ் (பள்ளங்களில் படியும் நீர்த்த வண்ணம்), ஒரே உலோக நிறம், எல்லோருக்கும் ஒரே நாளில். உடை நிறம் மாறலாம், இந்த நான்கும் மாறக் கூடாது. எல்லோருக்கும் கறுப்பு சூட் போட்டுவிடாதீர்கள். அடர் சாம்பல், கருநீலம், பழுப்பு, அங்கங்கே ஒரு மங்கிய பச்சை. ஒரு கும்பலுக்கு மூன்று நிறம் வைத்து மாற்றி மாற்றிக் கொடுங்கள். கோடைக்காலத் தெரு என்றால் சிலருக்கு வைக்கோல் தொப்பி. செப்டம்பர் 15க்குப் பிறகு அதை அணிவதை அக்காலத்தில் யாரும் விரும்பவில்லை, குளிர்கால ஆட்டத்தில் அது வரக் கூடாது.

கோடு போட்ட சூட்டுக்கு வல்லேஹோ 70.899 அடர் பிரஷ்யன் நீலத்தை அடியில் கொடுங்கள். கோடுகளுக்கு வெள்ளை எடுக்காமல் நடுத்தரச் சாம்பலைப் பாலைப் போல் நீர்க்கக் கரைத்து, 1 மி.மீ. இடைவெளியில், துணி மடிப்போடு வளையும்படி மேலிருந்து கீழே இழுங்கள். மடிப்பின் பள்ளத்தில் கோடு போடாமல் விட்டுவிடுங்கள். கோடு தடித்துவிட்டால் இருபுறமும் அடி நீலத்தால் அரித்து மெலிதாக்கலாம், திரும்ப முதலிலிருந்து அடிக்க வேண்டாம். ஒரு கும்பலில் கோடு போட்ட சூட் இரண்டு பேருக்குப் போதும்.

தமிழ்நாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்ப்ரே டப்பாக்கள் விமான அஞ்சலில் வராது. ஃபிகரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் பிரைமரை இங்கேயே வாங்குங்கள், அல்லது தூரிகையால் பூசும் பிரைமரை எடுங்கள். கடலோர ஊர்களில் மழைக்கால மாலையில் ஸ்ப்ரே அடித்தால் வார்னிஷ் பனி படிந்ததுபோல் வெளுத்துவிடும். காலை பத்து மணிக்குமேல், வெயில் காய்ந்த நாளில் அடியுங்கள்.

முன்பே வண்ணம் அடித்த பழைய ஃபிகர்களைப் புதியவற்றோடு எப்படிச் சேர்ப்பது?

வண்ணத்தை முழுக்க உரிக்க வேண்டியதில்லை. பழைய பேஸை எடுத்துவிட்டு புதிய 25 மி.மீ. பேஸில் ஏற்றுங்கள், முகத்தையும் கையையும் மட்டும் புதிய தோல் நிறத்தில் திரும்ப அடியுங்கள், துப்பாக்கிக்குப் புதிய உலோக நிறம், எல்லாவற்றுக்கும் ஒரே மேட் வார்னிஷ். பளபளப்பில் உள்ள வித்தியாசம்தான் பழையதைக் காட்டிக்கொடுப்பது. வண்ணம் தடித்து முகமே மூடியிருந்தால் மட்டும் உரியுங்கள். உலோக ஃபிகரை அசிட்டோனில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்க்கலாம், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புப் பக்கம் போகாமல். பிளாஸ்டிக்கையும் ரெசினையும் அசிட்டோனில் போடாதீர்கள், கரைந்தோ இளகியோ போய்விடும். ஒட்டுவேலை செய்த துப்பாக்கி இருந்தால் அதுவும் கழன்றுவரும், கம்பியைத் தொலைத்துவிடாமல் எடுத்து வையுங்கள்.